நாடு கடத்தப்படும் அம்மாவின் கதை: படம் முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வாழும் ஒரு தாய், அவளைத் திருப்பி அனுப்பத் துடிக்கும் அரசு. இந்தக் கருவில் வந்த படங்களை நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பதும், பார்த்த பிறகு உட்கார்ந்து பேசுவதும் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். கதை பெரும்பாலும் இப்படிப் போகும்: மெக்சிகோவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ எல்லை தாண்டி வந்தவள். வீடுகளையோ ஹோட்டல் அறைகளையோ சுத்தம் செய்து பிழைக்கிறாள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். ஒரு நாள் காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்துகிறது. அதோடு வாழ்க்கை கலைகிறது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். "சினிமாவுக்காக இதையெல்லாம் கூட்டியிருப்பாங்க" என்ற நினைப்புதான் பலவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நான் படித்துப் பார்த்தவரை, நம்பவே முடியாத இடங்கள்தான் சட்டத்தில் அப்படியே இருக்கின்றன. வக்கீல் உருக்கமாகப் பேசி நீதிபதி மனம் இளகுவது போல, சுலபமாக நம்பிவிடும் இடங்களில்தான் கற்பனை கலந்திருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே தருகிறேன். படத்தைப் புரிந்துகொள்ள இது போதும். சொந்த வழக்கு உள்ளவர்கள் குடியேற்றச் சட்ட வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். 2025 முதல் நடைமுறைகள் வேகமாக மாறி வருகின்றன.

அந்த அம்மா அப்படி என்னதான் குற்றம் பண்ணிட்டா?

எப்படி உள்ளே வந்தாள் என்பதைப் பொறுத்தது. சோதனைச் சாவடியைத் தவிர்த்து எல்லை தாண்டி வந்திருந்தால் அது சிறு குற்றம். முதல் முறைக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. 1929-இல்தான் இதைக் குற்றமாக்கினார்கள். விசாவில் வந்து காலம் முடிந்தும் தங்கிவிட்டால் அது குற்றவியல் குற்றமே இல்லை, குடியேற்ற விதிமீறல் மட்டும்.

இரண்டில் எதுவானாலும், நாடு கடத்தும் வழக்கு சிவில் வழக்காகத்தான் நடக்கும். கைவிலங்கு, சீருடை, கம்பிக் கதவு என்று பார்வைக்கு எல்லாம் குற்ற வழக்கு போலவே இருப்பதால் குழப்பம் வருகிறது. இந்தச் சிவில் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் பற்றிய கேள்வியில் இதுதான் அவள் காலை வாரிவிடும்.

இத்தனை வருஷம் இருந்தாளே, முறையா வரிசையில நின்னு விண்ணப்பிச்சிருக்கலாமே?

அவள் நிற்கக்கூடிய வரிசை எது என்று முதலில் பார்க்க வேண்டும். நிரந்தரமாகக் குடியேற முக்கிய வழிகள் மூன்று: நெருங்கிய சொந்தம், வேலை, அகதி நிலை. படிப்போ தனித்திறமையோ தேவைப்படாத வேலைகளுக்கான நிரந்தர விசா, உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வீடு துடைக்கும் பெண்ணுக்கு அந்த விசாவுக்கு மனுப்போட எந்த முதலாளி முன்வருவார்? சொந்தம் என்றால், மெக்சிகோவில் இருக்கும் தங்கைக்கு அமெரிக்கக் குடிமகளான அக்கா மனுப்போட்டால் 20 வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

பெரிய அளவில் எல்லோருக்கும் கதவு திறந்தது ஒரே முறை. 1986-இல் அதிபர் ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஏறக்குறைய 27 லட்சம் பேர் ஆவணம் பெற்றார்கள். அதன் பொது ஏற்பாடு 1982-க்கு முன்பே வந்திருந்தவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு அந்த அளவில் எதுவுமே வரவில்லை.

பிள்ளை அமெரிக்காவுலயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். அவன் அம்மாவை எப்படி அனுப்ப முடியும்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பிள்ளை குடிமகன் என்பது சரி. 1868-இல் வந்த 14-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அப்படிச் சொல்கிறது, 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் இந்த உரிமையைச் சுருக்கும் ஆணை போட்டார். கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் பிள்ளையின் குடியுரிமை அவனுக்கு மட்டும்தான். அம்மாவுக்கு அதிலிருந்து தானாக ஒன்றும் வராது.

அவன் அம்மாவுக்காக மனுப்போட முடியும், ஆனால் 21 வயது ஆக வேண்டும். சரி, 21 ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவள் விசாவில் வந்து தங்கியவளாக இருந்தால் உள்ளே இருந்தபடியே பச்சை அட்டை (கிரீன் கார்டு, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்க வாய்ப்பு உண்டு. எல்லை தாண்டி வந்தவளாக இருந்தால் பெரும்பாலும் நாட்டை விட்டு வெளியே போய், தூதரகம் வழியாகத்தான் வர வேண்டும். 1996-இல் கொண்டுவந்த ஒரு விதி அங்கேதான் அவளைப் பிடிக்கிறது: அனுமதியின்றி ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியே காலடி வைத்த நிமிடத்தில் 10 வருடத் தடை விழுந்துவிடும். 180 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் 3 வருடம்.

அதாவது உள்ளேயே இருந்தால் ஆவணம் கிடைக்காது, ஆவணம் வாங்க வெளியே போனால் 10 வருடம் திரும்ப முடியாது. ஒரு படத்தில் வக்கீல் இதை விளக்கும்போது அவள் "புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்பாளே, அங்கே எங்கள் அறையில் சிலர் சிரித்துவிட்டார்கள், அவளுக்கு விவரம் போதாது என்று. அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அந்த 10 வருஷத் தடைக்கு விலக்கே கிடையாதா?

உண்டு. தடையால் நெருங்கிய சொந்தம் கடுமையாகப் பாதிக்கப்படும் என்று நிரூபித்தால் விலக்குக் கேட்கலாம். 2013 முதல், கிளம்புவதற்கு முன்பே உள்ளே இருந்து கேட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் குடிமகனாகவோ பச்சை அட்டை வைத்திருப்பவராகவோ இருக்கும் கணவன் அல்லது மனைவி, தந்தை, தாய் ஆகியோரின் பாதிப்பு மட்டும்தான் கணக்கு. பிள்ளையின் பாதிப்பைச் சட்டம் இங்கே பார்ப்பதில்லை.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே இரண்டு முறை திரும்பப் படித்துத்தான் உறுதி செய்துகொண்டேன். கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணை இந்தப் படங்கள் கதைநாயகியாக வைப்பது கண்ணீருக்காக என்று விமர்சிக்கிறார்கள். கண்ணீர் இருக்கட்டும். அந்த ஒரு தேர்வால் விலக்கின் கதவும் அவளுக்கு மூடிவிடுகிறது.

10 வருஷம் இருந்துட்டா தங்கிக்கலாம்னு அந்த வக்கீல் சொல்றாரே, அது வேறயா?

வேறு. இது குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு வந்த பிறகு கேட்கும் நிவாரணம். தொடர்ந்து 10 வருடம் இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். சில வகைத் தண்டனைகள் இருக்கக் கூடாது. கடைசியாக, குடிமகனோ பச்சை அட்டைக்காரரோ ஆன கணவன், மனைவி, பெற்றோர் அல்லது பிள்ளைக்கு வழக்கத்துக்கு மிகவும் மாறான, அசாதாரணமான துன்பம் வரும் என்று காட்ட வேண்டும். இங்கே பிள்ளை கணக்கில் வருவான்.

சிக்கல் அந்த "அசாதாரணமான" என்ற சொல்லில் இருக்கிறது. அம்மாவைப் பிரிந்தால் பிள்ளை அழுவான், படிப்பு கெடும், வீட்டு வாடகை கட்ட முடியாது. இதெல்லாம் எந்தக் குடும்பத்துக்கும் வரும் சாதாரணத் துன்பம் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். அதனால்தான் வக்கீல் அவளிடம் "பையனுக்கு ஏதாவது நோய் இருக்கா? சிறப்புப் பள்ளிக்குப் போறானா?" என்று கேட்கிறார். கொடூரமான கேள்வியாகத் தெரிந்தாலும் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். தன் பிள்ளை ஆரோக்கியமாக இருப்பது வழக்குக்குப் பாதகம் என்று ஒரு தாய் கேட்கும் அந்த நொடிக்குப் பின்னணி இசையே தேவையில்லை.

எல்லாம் நிரூபித்தாலும் வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் தரலாம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. இன்னொன்று: இந்தச் சட்டத்தில் பிள்ளை என்றால் 21 வயதுக்கு உட்பட்டவன். 21-க்கு முன்னால் அவனால் அம்மாவுக்கு மனுப்போட முடியாது. 21 ஆனபின் அவன் துன்பம் இங்கே எண்ணப்படாது. பிறந்தநாள் கேக் வெட்டும் காட்சியில் அம்மா முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அவகிட்ட காசு இல்ல. அரசாங்கம் ஏன் வக்கீல் கொடுக்கல?

முதல் பதிலில் சொன்ன சிவில் என்ற சொல்தான் காரணம். குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் வைக்க வேண்டும். குடியேற்ற வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, செலவு அவரவருடையது. சின்னக் குழந்தை மேல் வழக்கு இருந்தாலும் விதி இதுதான். நியூயார்க் நகரம் போன்ற சில இடங்களில் உள்ளூர் அரசுப் பணத்திலும், இன்னும் பல இடங்களில் தொண்டு அமைப்புகளாலும் இலவச வக்கீல் கிடைக்கலாம்.

குடியேற்ற நீதிமன்றமே நாம் நினைக்கும் நீதிமன்றம் இல்லை. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. நீதிபதிகள் அந்த அமைச்சகத்தின் ஊழியர்கள், அதன் தலைவரான அட்டர்னி ஜெனரல் நினைத்தால் ஒரு தீர்ப்பைத் தானே எடுத்து மாற்றி எழுதலாம். தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 30 லட்சத்துக்கும் மேல். படங்களில் தேக்கு மரச் சுவர்கள், நிறைந்த பார்வையாளர் வரிசை, நீண்ட வாதம் எல்லாம் வருகின்றன. பல இடங்களில் அது ஒரு சிறிய அறை, மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருப்பார், தடுப்பு மையத்தில் இருப்பவர் திரையில் தெரிவார். முதல் விசாரணை சில நிமிடங்களில் முடிந்து அடுத்த தேதி கொடுத்துவிடுவார்கள். தேதியைத் தவறவிட்டால் அவள் இல்லாமலேயே வெளியேற்ற ஆணை போட்டுவிடலாம்.

ஐஸ் ஆட்கள் கதவைத் தட்டினா திறந்தே ஆகணுமா?

ஐஸ் என்று எல்லோரும் சொல்வது 2003-இல் தொடங்கிய குடியேற்ற அமலாக்க அமைப்பை. ஸ்பானிஷ் வசனங்களில் வரும் "லா மிக்ரா"வும் இவர்களைக் குறிப்பதுதான். இவர்கள் கையில் இருக்கும் வாரண்ட் பெரும்பாலும் அவர்கள் அமைப்பின் அதிகாரியே கையெழுத்திட்டது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல், உள்ளே இருப்பவர் சம்மதிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதே நெடுங்காலமாக உள்ள சட்ட நிலை. அதனால்தான் "கதவுக்கு அடியில் காகிதத்தைத் தள்ளச் சொல்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீதியில் நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சர்ச்சுக்குள்ள போயிட்டா தொட மாட்டாங்க இல்லையா?

தொடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தேவாலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் பொதுவாகக் கைது செய்ய வேண்டாம் என்று 2011-இல் ஐஸ் தனக்குத் தானே வழிகாட்டுதல் வைத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டார்கள்.

தேவாலயக் காட்சிகளுக்கு முன்மாதிரி என்று பலரும் நினைப்பது எல்விரா அரெயானோவை. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் விமானங்களைச் சுத்தம் செய்தவர். 2006 ஆகஸ்டில், அமெரிக்காவில் பிறந்த தன் சிறுவயது மகனோடு அடல்பெர்ட்டோ ஐக்கிய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். ஒரு வருடம் அங்கிருந்து வெளியே வரவில்லை. 2007 ஆகஸ்டில் மற்ற குடும்பங்களுக்காகப் பேச லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது கைதாகி, அன்றே மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஒரு வருடத்தில் யாரும் தேவாலயக் கதவை உடைக்கவில்லை. ஆனால் சுவருக்குள் கழிந்த வருடத்தையும் நாம் எண்ண வேண்டும்.

வழக்கமா கையெழுத்து போடப் போனவளையே பிடிக்கிறாங்களே, இது கொஞ்சம் ஓவர் இல்லையா?

இல்லை. வெளியேற்ற ஆணை இருந்தும் உடனே அனுப்பாமல், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து ஆஜராகச் சொல்லும் வழக்கம் உண்டு. அனுப்புவதா வேண்டாமா என்பது அலுவலகத்தின் விருப்பம், ஆட்சி மாறினால் விருப்பமும் மாறும்.

2017 பிப்ரவரியில் அரிசோனாவின் பீனிக்ஸில் இதுதான் நடந்தது. 14 வயதில் வந்து, அங்கேயே வளர்ந்து, இரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு பெண். வேலைக்காகப் பொய்யான சமூகப் பாதுகாப்பு எண் பயன்படுத்தியது பழைய வழக்கு. பல வருடங்களாகத் தவறாமல் ஆஜராகி வந்தவர். அந்த முறை உள்ளே போனவர் வெளியே வரவில்லை. இரவில் அவரை ஏற்றிய வாகனத்தை மக்கள் மறித்தார்கள், ஒருவர் சக்கரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டார். ஜன்னலின் கம்பி வலைக்குப் பின்னால் அந்தத் தாயின் முகம் தெரியும் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. மகள் அம்மாவுக்காக ஒரு பெட்டியை அடுக்கினாள். மறுநாள் நோகாலஸ் எல்லை வழியாக அவர் மெக்சிகோவில் இருந்தார்.

அம்மாவை அனுப்பிட்டா பிள்ளைங்க என்ன ஆவாங்க?

இரண்டு வழிதான், இரண்டும் மோசம். கூட்டிப் போகலாம், பிள்ளை தனக்குத் தெரியாத நாட்டில், சரியாக எழுதப் படிக்கத் தெரியாத மொழியில் பள்ளிக்குப் போக வேண்டும். விட்டுப் போகலாம், யாரிடம் என்பது கேள்வி.

யாரும் இல்லையென்றால் மாநிலத்தின் குழந்தை நலத் துறை எடுத்துக்கொண்டு வளர்ப்புக் குடும்பத்தில் விடும். 1997-இன் ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அப்படி இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிக்கச் சொல்லி மாநிலம் மனுப்போட வேண்டும். தடுப்பு மையத்திலோ வேறு நாட்டிலோ இருக்கும் தாய் குடும்ப நீதிமன்றத்துக்கு வருவதே பெரும்பாடு. நாட்டை இழப்பதோடு பிள்ளையையும் சட்டப்படி இழக்கும் அபாயம் நிஜமானது.

அதனால்தான் சட்ட உதவி அமைப்புகள் முன்கூட்டியே ஓர் உறை தயார் செய்யச் சொல்கின்றன. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பள்ளித் தொலைபேசி எண், எந்த மருந்து எந்த நேரம், தான் இல்லாதபோது யார் பொறுப்பு என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம். படங்களில் நான் தேடுவது அந்தக் கடிதத்தைத்தான். அடுக்களை மேசையில் உட்கார்ந்து பொறுப்பாளர் பெயர் என்ற கோட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதும் தாயைக் காட்டினால், கைது காட்சியே வேண்டாம் என்று தோன்றும்.

ஒபாமா காலத்துல ஏதோ திட்டம் வந்துச்சே, அதுல இவ வரமாட்டாளா?

வந்தவை இரண்டு. சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்கான 2012 திட்டம் ஒன்று. டாக்கா என்று சொல்வார்கள். இவள் பெரியவளாகி வந்ததால் பொருந்தாது. மற்றது 2014 நவம்பரில் அறிவித்த டாப்பா. குடிமக்களான அல்லது பச்சை அட்டை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கானது, அப்படியே இவளுக்காக எழுதியது போல. ஏறக்குறைய 40 லட்சம் பேர் வரை பயன்பெறலாம் என்று பேசப்பட்டது. டெக்சாஸ் தலைமையில் மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தடுத்தன. 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிந்து நின்றது. நீதிபதி அன்டோனின் ஸ்காலியா இறந்து அந்த இடம் காலியாக இருந்த நேரம் அது. சமநிலை என்றால் கீழ் நீதிமன்றத் தடை நீடிக்கும். திட்டம் தொடங்கவே இல்லை.

இவங்க வரி கட்டுறாங்களா?

பலர் கட்டுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்காகவே 1996 முதல் வருமான வரித் துறை தனி எண் தருகிறது. சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பணத்தைப் பெரும்பாலோர் திரும்பப் பார்ப்பதே இல்லை.

சப்டைட்டில்ல "நாடு கடத்தல்"னு போடுறது சரியா?

எனக்கு உறுத்தும் விஷயம் இது. தமிழில் இரண்டு வேறு காரியங்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஒரு நாட்டின் குற்றவாளியை விசாரணைக்காக அந்த நாட்டிடம் ஒப்படைப்பதும் செய்தித்தாள்களில் நாடு கடத்தல், இந்த அம்மாவை அனுப்புவதும் நாடு கடத்தல். போதாததற்கு "கடத்தல்" என்றதும் தங்கமும் போதைப்பொருளும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கச் சட்டமே 1996 முதல் "அகற்றுதல்" என்ற பொருள்படும் சொல்லைத்தான் எழுதுகிறது. நான் நீதிமன்றக் காட்சிகளில் "வெளியேற்றம்" என்பதையும், மக்கள் பேசும் இடங்களில் "திருப்பி அனுப்பிட்டாங்க" என்பதையும் விரும்புவேன். "சட்டவிரோதக் குடியேறி" என்பதைவிட "ஆவணமில்லாதவர்" நேர்மையான சொல். செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், ஆள் எப்படிச் சட்டவிரோதமாக இருக்க முடியும்?

"நானே கிளம்பிக்கிறேன்"னு கையெழுத்து போட்டது புத்திசாலித்தனம்தானே?

சில நேரம். தானாக வெளியேற நீதிபதி அனுமதி கொடுத்து, குறித்த தேதிக்குள் கிளம்பினால், வெளியேற்ற ஆணை பதிவில் ஏறாது. பின்னால் விசா கேட்கும்போது அது உதவும். ஆனால் மேலே சொன்ன 10 வருடத் தடை அதனால் போகாது. அவள் அதை அறியாமல்தான் கையெழுத்திடுகிறாள். "சீக்கிரம் வெளியே போகலாம்" என்று தடுப்பு மையத்தில் நீட்டும் எல்லாக் காகிதமும் இந்த அனுமதி இல்லை. சில, விசாரணையே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் காகிதங்கள்.

கடைசியில திரும்ப எல்லை தாண்டி பிள்ளைகிட்ட வந்துடுறாளே. நல்ல முடிவுதானே?

அணைத்துக்கொள்ளும் காட்சியில் நானும் அழுதேன். ஆனால் முதல் முறை சிறு குற்றமாக இருந்தது, வெளியேற்ற ஆணைக்குப் பிறகு திரும்பி வந்தால் பெருங்குற்றம். சாதாரணமாக 2 வருடம் வரை சிறை, பழைய குற்றப் பின்னணி இருந்தால் 20 வருடம் வரை. 10 வருடத் தடை நிரந்தரத் தடையாகிவிடும். 10 வருடம் வெளியே இருந்த பிறகுதான் மறுபடி வர அனுமதி கேட்கவே முடியும். மகனுக்கு 21 ஆகும் நாளுக்காக வைத்திருந்த கொஞ்ச நம்பிக்கையும் அந்த இரவில் போகிறது. படம் அதைச் சொல்லாமல் முடிகிறது.

முதல்ல ஒரு முதலாளி அவளை அடிக்கிறாரே. அதை போலீஸ்ல சொல்லியிருந்தா?

இதைக் கேட்டவர் எங்கள் கூட்டத்தில் ஒரே ஒருவர், ஆனால் கேட்டது சரியான இடத்தில். 2000-இல் அமெரிக்கக் காங்கிரஸ் யு விசா என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கடும் தாக்குதல், குடும்ப வன்முறை, கட்டாய வேலை போன்ற பட்டியலில் உள்ள குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவர்களுக்கு அது கிடைக்கும். எல்லை தாண்டி வந்ததை மன்னிக்கவும் அதில் வழி இருக்கிறது. மேலே பார்த்த பூட்டுகள் பலவற்றுக்கும் சாவி அதுவாக இருந்திருக்கலாம்.

வருடத்துக்கு 10,000 விசாதான், காத்திருப்பு பல வருடம். விண்ணப்பிக்கவே போலீஸோ அரசு வழக்கறிஞரோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். கையெழுத்திடுவது பெரும்பாலும் அவர்கள் விருப்பம். ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தருவார்கள், பக்கத்துக் கவுண்டியில் மறுப்பார்கள். வீங்கிய கன்னத்தோடு அவள் தொலைபேசியைக் கையில் எடுத்து, எண்ணை அழுத்தாமல் திரும்ப வைத்துவிடும் காட்சி அந்தப் படத்தின் எட்டாவது நிமிடத்தில் வந்துபோகிறது.